மூத்த கிளையும் விடுதலைப் பத்திரமும்: பிரான்சின் இல்லாத அரியணைக்கான வழக்கு

1988 டிசம்பர் 21 அன்று பாரிஸ் உரிமையியல் நீதிமன்றம் ஒரு பூச்சின்னத்தைப் பற்றிய வழக்கில் தீர்ப்பு வழங்கியது. நீல நிறக் கேடயத்தில் மூன்று பொன்னிற லில்லிப் பூக்கள் என்பது பிரான்சின் மன்னர்கள் பல நூற்றாண்டுகளாகத் தாங்கிய சின்னம். ஸ்பெயினில் வாழ்ந்துவந்த அல்போன்ஸ் தெ பூர்போன் அந்தச் சின்னத்தை எந்த மாற்றமும் இல்லாமல் முழுமையாகத் தாங்குவதையும், தம்மை ‘ஆஞ்சு டியூக்’ என்று அழைத்துக்கொள்வதையும் தடை செய்ய வேண்டும் என்று ஓர்லியான் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி வழக்குத் தொடுத்திருந்தார். பிரான்சை ஆண்ட பூர்போன் குலத்தின் சிசிலி, பார்மா கிளைகளைச் சேர்ந்த இரண்டு இளவரசர்களும் இடையில் வழக்கில் சேர்ந்துகொண்டனர். கடைசி மன்னர் நாட்டை விட்டு வெளியேறி 140 ஆண்டுகளும், கடைசிப் பேரரசர் வீழ்ந்து 118 ஆண்டுகளும் ஆகிவிட்ட ஒரு குடியரசில், நீதிபதிகள் அமர்ந்து கேடயச் சின்னங்களின் விதிகளைப் படிக்க வேண்டியிருந்தது.

சின்னத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பழைய பிரெஞ்சு வழக்கப்படி, முழுமையான மூன்று லில்லிகளைக் குலத்தின் மூத்தவர் மட்டுமே தாங்குவார். இளையவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் அதில் ஏதேனும் ஒரு வேறுபாட்டுக் குறியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓர்லியான் குடும்பத்தின் குறி, பூக்களுக்கு மேலே கிடக்கும், மூன்று தொங்கல்கள் கொண்ட வெள்ளைப் பட்டை. ஸ்பெயின் பூர்போன்களின் முன்னோடியான பிலிப் ஆஞ்சு டியூக்காக இருந்தபோது அவருடைய கேடயத்துக்குச் சிவப்பு ஓரம் இருந்தது. ஆகவே பட்டையையோ ஓரத்தையோ நீக்கிவிட்டு மூன்று லில்லிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒருவர், ‘என் குலத்தின் தலைவன் நான்’ என்று சொல்கிறார் என்றே பொருள். குலத்தலைவர் என்றால், மன்னராட்சியை விரும்பும் பிரெஞ்சுக்காரர்களின் கணக்கில், பிரான்சின் மன்னர். வழக்கின் உள்ளுறை இதுதான்.

நீதிமன்றமும் அதை உணர்ந்திருந்தது. இந்தச் சின்னத் தகராறுக்குப் பின்னால் உண்மையில் இருப்பது அரச குலப் போட்டி என்றும், அதற்குப் பஞ்சாயத்துச் செய்வது குடியரசின் நீதிமன்றத்துக்கு உரிய வேலை அன்று என்றும் அது சொல்லியது. வழக்கு தள்ளுபடியானது. ஆனால் போகிற போக்கில், முழுச் சின்னம் வழக்கப்படி மூத்தவர்களுக்கு உரியது என்ற பொருளிலும், ஹென்றி இளைய கிளையைச் சேர்ந்தவர் என்ற பொருளிலும் சில வரிகளைத் தீர்ப்பு சொல்லிவிட்டதால், அல்போன்ஸின் ஆதரவாளர்கள் அந்த வரிகளை இன்றுவரை மேற்கோள் காட்டி வருகின்றனர். மேல்முறையீட்டில் 1989 நவம்பர் 22 அன்று அதே முடிவு உறுதியானது. அப்போது எதிர்வாதி உயிருடன் இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பனிச்சறுக்கின்போது, சரிவில் கட்டப்பட்டிருந்த கம்பி வடத்தில் மோதி அல்போன்ஸ் இறந்துபோனார். உரிமைகோரல் அவருடைய 14 வயது மகன் லூயிக்குச் சென்றது.

பங்காளிச் சண்டைகளில் ஏதாவது ஒரு பத்திரம் இருக்கும். அந்தப் பத்திரம் செல்லுமா செல்லாதா என்பதில்தான் மற்ற எல்லாமே தொங்கிக்கொண்டிருக்கும். இந்தச் சண்டையிலும் அப்படி ஒரு பத்திரம் உண்டு. 1712-இல் மத்ரீத்தில் எழுதப்பட்டது அது.

ஒரு விடுதலைப் பத்திரம் உருவான விதம்

1700 நவம்பர் 1 அன்று ஸ்பெயினின் மன்னர் இரண்டாம் கார்லோஸ் வாரிசின்றி இறந்தார். அவருடைய உயில், பிரான்சின் பதினான்காம் லூயியின் இரண்டாவது பேரனான, 16 வயது ஆஞ்சு டியூக் பிலிப்புக்கு ஸ்பெயின் பேரரசு முழுவதையும் எழுதி வைத்திருந்தது. பேரனை அனுப்பிவைத்த தாத்தா, அடுத்த மாதமே ஓர் அரசாணை வெளியிட்டு, ஸ்பெயினுக்குப் போனாலும் பிரெஞ்சு முடிக்கான பிலிப்பின் உரிமை அப்படியே இருக்கும் என்று உறுதி செய்தார். ஐரோப்பாவின் மற்ற அரசுகள் அஞ்சியது இதைத்தான். இரு முடிகளும் ஒரே தலையில் சேர்ந்துவிடுமோ என்ற அந்த அச்சமே ஸ்பெயின் வாரிசுரிமைப் போரை 10 ஆண்டுகளுக்கு மேல் நீட்டித்தது.

போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு தொடங்கிய வேளையில் வெர்சாய் அரண்மனையில் சாவு வரிசையாக விழுந்தது. 1711 ஏப்ரலில் லூயியின் மகன். 1712 பிப்ரவரியில் மூத்த பேரனும் அவர் மனைவியும். மார்ச்சில் அவர்களுடைய மூத்த பிள்ளை. எஞ்சியது இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. அந்தக் குழந்தையும் போய்விட்டால் பிரான்சின் அடுத்த மன்னர் ஸ்பெயினின் மன்னர்தான். பிலிப் பிரெஞ்சு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாலொழியச் சமாதானம் இல்லை என்று இங்கிலாந்து பிடிவாதமாக நின்றது.

இந்த இடத்தில் நடந்த கடிதப் போக்குவரத்துதான் வழக்கின் மையச் சான்று என்று நான் கருதுகிறேன். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தோர்சி, இங்கிலாந்து அமைச்சர் போலிங்புரோக்குக்கு எழுதியதன் சாரம் இதுதான்: எங்கள் அடிப்படைச் சட்டப்படி மன்னருக்கு மிக நெருங்கிய வாரிசு பிறப்பினாலேயே மன்னராகிறான், தந்தையிடமிருந்தோ உயிலிலிருந்தோ மக்களிடமிருந்தோ அவன் முடியைப் பெறுவதில்லை, அந்தச் சட்டத்தைக் கடவுள் ஒருவரே மாற்ற முடியும், ஆகவே எந்த விட்டுக்கொடுப்பும் அதைக் குலைக்காது. கையெழுத்துப் போடப் போகும் தரப்பே, போடுவதற்கு முன், இந்தப் பத்திரம் செல்லாது என்று எதிர்த்தரப்புக்கு எழுதிவைத்திருக்கிறது. போலிங்புரோக் அசரவில்லை. நீங்கள் பிரான்சில் அப்படி நம்புங்கள், ஓர் இளவரசன் தன் விருப்பத்தோடு தன் உரிமையைக் கைவிட முடியும் என்று நாங்கள் பிரிட்டனில் நம்பிக்கொள்கிறோம் என்ற பொருளில் அவர் பதில் எழுதினார்.

1712 நவம்பர் 5 அன்று பிலிப் தமக்காகவும் தம் வழித்தோன்றல்களுக்காகவும் பிரெஞ்சு முடியுரிமையைத் துறந்து எழுதிக்கொடுத்தார். மறுபக்கம், ஸ்பெயின் மீதான தங்கள் உரிமையைப் பிலிப்பின் தம்பி பெர்ரி டியூக்கும் ஓர்லியான் டியூக்கும் துறந்தார்கள். 1713 மார்ச் 15 அன்று பாரிஸ் பார்லமான் என்ற உயர் நீதிமன்றம் இவற்றைப் பதிவு செய்தது. ஏப்ரலில் உட்ரெக்ட் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆண் வாரிசின்றி இறந்த பெர்ரி டியூக்கை விட்டுவிட்டால், பிலிப்புக்கு அடுத்தபடியாக உரிமை பெறுபவர்கள் பதினான்காம் லூயியின் தம்பி வழி வந்த ஓர்லியான்கள். பத்திரம் செல்லுமானால் உரிமை அவர்களுக்கு. செல்லாவிட்டால் பிலிப்பின் வாரிசுகளுக்கு. முந்நூறு ஆண்டுகளாகக் கேள்வி இதைத் தாண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை.

எழுதிக்கொடுத்தவர் மனத்தில் என்ன இருந்தது என்பதும் தெரிந்த கதைதான். 1718-இல் பாரிஸிலிருந்த ஸ்பெயின் தூதர் செல்லமாரே, பிரான்சின் அரசுப் பொறுப்பாளராக இருந்த ஓர்லியான் டியூக்கைக் கவிழ்த்துவிட்டு அந்தப் பொறுப்பைப் பிலிப்புக்குப் பெற்றுத்தரச் சதி செய்து அகப்பட்டார். 1724 ஜனவரியில் பிலிப் திடீரென ஸ்பெயின் முடியை மகனிடம் கொடுத்துவிட்டு விலகியபோது, அவர் கண் பிரான்சின் மேல் இருக்கிறது என்றே பலர் ஐயுற்றனர். மகன் அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்ததால் அவர் திரும்பவும் மத்ரீத்தில் அரியணை ஏறினார். வெர்சாயில் இருந்த அந்தக் குழந்தை பிழைத்துப் பதினைந்தாம் லூயியாகி 1774 வரை ஆண்டுவிட்டதால், பத்திரத்தைச் சோதிக்கும் சந்தர்ப்பமே அப்போது வரவில்லை.

முடி யாருடைய சொத்து?

மன்னராட்சிக் காலத்துப் பிரான்சில் எழுதப்பட்ட அரசியலமைப்பு கிடையாது. முன்நிகழ்வுகள் உறைந்து உருவான ‘அடிப்படைச் சட்டங்கள்’ இருந்தன. 1316-இல் பத்தாம் லூயி இறந்து, அவர் இறந்த பின் பிறந்த மகன் ழான் ஐந்தே நாள் வாழ்ந்து மறைந்தபோது, மகள் விலக்கப்பட்டுத் தம்பி முடி சூடினார். 1328-இல் பெண்வழி வந்த இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டைத் தள்ளிவிட்டு, ஆண்வழிப் பங்காளியான வலுவா குலத்து பிலிப்பை ஏற்றார்கள். அதிலிருந்து ஆண்வழி, மூத்தவர் முறை என்பது நிலைத்தது.

நம் வழக்குக்கு மிக முக்கியமானது 1420. மனநிலை பாதிக்கப்பட்ட ஆறாம் சார்லஸ், ட்ருவா உடன்படிக்கையில் தன் சொந்த மகனை ஒதுக்கிவிட்டு, இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றியைத் தன் வாரிசாக ஏற்றார். அதற்குச் சற்று முன்பே ழான் தெ தெர்வெர்மேய் என்ற சட்ட அறிஞர் ஒரு கோட்பாட்டை வகுத்திருந்தார். முடி மன்னரின் சொத்து அன்று. அவர் அதன் நிர்வாகி மட்டுமே. யாருக்கும் எழுதிவைக்கவோ யாரிடமிருந்தும் பறிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. வாரிசு தன் தந்தையின் ‘வாரிசு’ அல்லன், வழக்காற்றுச் சட்டத்தால் அழைக்கப்படுபவன். ஒதுக்கப்பட்ட மகன் ஏழாம் சார்லஸாக, ழான் தார்க்கின் (ஜோன் ஆஃப் ஆர்க்) உதவியோடு, ரேம்ஸ் நகரில் முடி சூடியது இந்தக் கோட்பாட்டின் வெற்றி. பரம்பரை அறங்காவலர் ஒருவர் கோயில் நிலத்தைக் கிரயம் செய்துகொடுத்தால் அந்தப் பத்திரம் எந்த அளவுக்குச் செல்லுமோ, அந்த அளவுக்குத்தான் ஒரு மன்னரோ இளவரசரோ முடியுரிமையை எழுதிக்கொடுப்பதும் செல்லும் என்பது அதன் உட்பொருள்.

பிலிப்பின் வாரிசுகளை ஆதரிக்கும் மரபுவழிக் கட்சியினர், லெஜிட்டிமிஸ்டுகள், நிற்கும் தரை இது. இந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் அவர்கள் வாதத்தை அசைப்பது கடினம் என்பது என் கருத்து. ஒருவர் எவ்வளவு தூரத்துப் பங்காளி என்பதும் தடையில்லை. 1589-இல் வலுவா குலம் அற்றுப்போனபோது, 1270-இல் இறந்த ஒன்பதாம் லூயியைப் பொது மூதாதையாகக் கொண்ட நவார் மன்னர் ஹென்றிதான் வாரிசானார். அவர் புராட்டஸ்டன்ட் என்பது மட்டுமே தடையாக இருந்தது. 1593-இல் மதம் மாறியதும் அதுவும் தீர்ந்தது.

ஆனால் அந்த அளவுகோலை ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு 1791-இன் அரசியலமைப்பு ஒரு நல்ல சாட்சி. அரசியல் நிர்ணய அவை முடியுரிமையை ஆண்வழி, மூத்தவர் முறையில் எழுதிவைத்தபோது ஸ்பெயின் கிளையைப் பற்றிய விவாதம் சூடேறியது. முடிவில், இப்போது ஆளும் குலத்தில் நிகழ்ந்த உரிமைத் துறப்புகளின் விளைவைப் பற்றி இங்கே எதுவும் முன்கூட்டித் தீர்மானிக்கப்படவில்லை என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டு அவை நழுவிக்கொண்டது. பத்திரம் செல்லும் என்று உறுதியாக நம்பியவர்கள் பெரும்பான்மையாக இருந்திருந்தால் அந்த வாக்கியத்துக்குத் தேவையே இருந்திருக்காது. செல்லாது என்று நம்பியவர்கள் பெரும்பான்மையாக இருந்திருந்தாலும் அப்படியே.

ஓர்லியான்களின் இரண்டு கணக்குகள்

ஓர்லியான் தரப்பின் சிக்கல் உட்ரெக்டில் இல்லை. அவர்களுடைய சொந்தக் குடும்ப வரலாற்றில் இருக்கிறது. 1793 ஜனவரியில் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை விதிக்க வாக்களித்தவர்களில் ஒருவர், ‘சமத்துவ பிலிப்’ என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்த ஓர்லியான் டியூக். அதே ஆண்டு நவம்பரில் அவர் தலையும் கில்லட்டினில் விழுந்தது. அவருடைய மகன் லூயி பிலிப் 1830-இல் செய்ததை மரபுவழியினர் அதைவிடவும் மன்னிக்கவில்லை. ஜூலைப் புரட்சியில் வீழ்ந்த பத்தாம் சார்லஸ், ஆகஸ்ட் 2 அன்று ராம்புய்யே மாளிகையில் தன் ஒன்பது வயதுப் பேரன் ஹென்றிக்காக முடி துறந்தார். சிறுவனை மன்னனாக அறிவிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டது லூயி பிலிப்பைத்தான். லூயி பிலிப்போ ஆகஸ்ட் 9 அன்று தாமே அரியணை ஏறினார். அதுவும் ‘பிரான்சின் மன்னர்’ என்ற பெயரில் இல்லை, ‘பிரெஞ்சு மக்களின் மன்னர்’ என்ற பெயரில். அவருடைய உரிமையின் ஊற்று பிறப்பு அன்று, நாடாளுமன்றத்தின் அழைப்பு. 1848 பிப்ரவரியில் அதே மக்கள் அவரை விரட்டினார்கள்.

அதன் பின் ஓர்லியான்கள் ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நிற்க வேண்டியதாயிற்று. 1830-இன் கணக்குப்படி முடி மக்கள் விருப்பத்தின் கொடை. மக்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் கணக்கு முடிந்துவிட்டது. பிறப்புக் கணக்குப்படி உரிமை கோர வேண்டுமானால், 1830-இல் தங்கள் பாட்டனார் செய்தது அபகரிப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். லூயி பிலிப்பின் பேரனான பாரிஸ் பிரபு இரண்டாவது வழியைத் தேர்ந்தார். 1873 ஆகஸ்ட் 5 அன்று ஆஸ்திரியாவின் ஃப்ரோஸ்டோர்ஃப் மாளிகைக்குச் சென்று, 1830-இல் ஒதுக்கப்பட்ட அந்தச் சிறுவனை, அப்போது 52 வயதாகியிருந்த ஷாம்போர் பிரபுவை, மன்னராட்சியின் பிரதிநிதியாக ஏற்றுத் தலை வணங்கினார்.

அந்த ஆண்டில் மன்னராட்சி திரும்புவது ஏறத்தாழக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1871-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசிய அவையில் மன்னராட்சி ஆதரவாளர்களே பெரும்பான்மை. பிள்ளையில்லாத ஷாம்போர் ஆளட்டும், அவருக்குப் பின் பாரிஸ் பிரபு வரட்டும் என்ற ஏற்பாட்டில் இரு தரப்பும் இணைந்துவிட்டதாகவே தோன்றியது. கெட்டது கொடியால். மூவர்ணக் கொடியை ஏற்க ஷாம்போர் மறுத்தார். தம் முன்னோரின் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்று 1873 அக்டோபர் 27 தேதியிட்ட கடிதத்தில் மீண்டும் உறுதியாக எழுதினார். அவையினர் நவம்பரில், அப்போது அரசின் தலைவராக இருந்த மார்ஷல் மக்மஓனுக்கு ஏழாண்டுப் பதவிக்காலத்தைக் கொடுத்துவிட்டு, கிழவர் கண் மூடட்டும் என்று காத்திருக்கத் தொடங்கினர். அவர்கள் காத்திருந்த வேளையில், 1875 ஜனவரி 30 அன்று, 353-க்கு 352 என்று ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை அரசியலமைப்புச் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. கொள்கைப் பிடிப்பு என்றும் சொல்லலாம், வீம்பு என்றும் சொல்லலாம். என்னைப் பொறுத்தவரை, ஷாம்போருக்கு அரியணை ஏறும் ஆசையே பெரிதாக இருந்ததில்லை என்று தோன்றுகிறது.

1883-இன் இறுதி ஊர்வலம்

ஷாம்போர் 1883 ஆகஸ்ட் 24 அன்று ஃப்ரோஸ்டோர்ஃபில் இறந்தார். தமக்குப் பின் இன்னார் என்று பெயர் குறிப்பிட்டு வெளிப்படையாக அவர் எதையும் அறிவித்துச் செல்லவில்லை. அவருடன் பதினைந்தாம் லூயியின் ஆண்வழி முற்றாக அற்றுப்போனது. 1712-இன் பத்திரத்துக்கு 170 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக வேலை வந்தது.

இப்போது இத்தாலி, ஸ்லோவேனியா எல்லையில் இருக்கும் கோரிட்சியாவில் அடக்கம் நடந்தது. ஷாம்போரின் மனைவி மரிய தெரேசா, முதல் துக்கக்காரர் இடத்தைப் பாரிஸ் பிரபுவுக்குத் தரவில்லை. ஷாம்போரின் நெருங்கிய உறவினர்களுக்கே அது என்றார். பாரிஸ் பிரபு கோரிட்சியாவுக்குப் போகவில்லை. சாவு வீட்டில் யார் முன்னே நடப்பது என்பதில் வெடித்த பிணக்கு, பிரெஞ்சு மன்னராட்சியினரை நிரந்தரமாகப் பிளந்தது. பெரும்பாலோர் பாரிஸ் பிரபுவைப் பின்பற்றினர். சிறுபான்மையினர் ஸ்பெயின் பக்கம் திரும்ப, ‘ஸ்பெயினின் வெள்ளையர்’ என்ற கேலிப்பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது.

அவர்கள் கண்டுபிடித்த ‘மன்னர்’ மோந்திசோன் பிரபு ஹுவான், ஷாம்போர் மனைவியின் தங்கை கணவர். ஸ்பெயின் முடிக்குப் போட்டியாக உரிமை கோரிய கார்லிஸ்ட் கிளையைச் சேர்ந்தவராக இருந்தும் தாராளவாதக் கருத்துகளால் அந்தக் கட்சியினரிடமே செல்வாக்கை இழந்து, இங்கிலாந்தில் அமைதியாக வாழ்ந்துவந்தார். ஒளிப்படக் கலையின் தொடக்க காலத்து ஆர்வலர். லண்டன் விலங்குக் காட்சிசாலையின் நீர்யானையை 1852-இல் அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. பிரெஞ்சு முடியில் அவர் பெரிதாக அக்கறை காட்டவில்லை. 1887-இல் அவர் இறக்க, உரிமை அவருடைய மகன், பேரன் என்று போய், 1936-இல் இளைய மகன் அல்போன்சோ கார்லோஸ் 87 வயதில் வியன்னாவில் வாகனம் மோதி இறந்ததுடன் அந்தக் கிளை அற்றது.

அடுத்த மூத்தவர் யார் என்று பார்த்தால், வேடிக்கை அங்கேதான். கார்லிஸ்டுகள் நூறாண்டாக யார் வழியை எதிர்த்து நின்றார்களோ அந்த அரசி இரண்டாம் இசபெல்லாவின் பேரன், 1931-இல் நாடு கடந்த பதின்மூன்றாம் அல்போன்சோ. அரசி வழியாக அவருக்குப் பிரெஞ்சு உரிமை வராது. ஆனால் அரசியின் கணவர் பிரான்சிஸ்கோவும் ஒரு பூர்போன், நான்காம் கார்லோஸின் பேரன். அந்தத் தாத்தா வழியில் உரிமை வருகிறது. அரசியின் பிள்ளைகளுக்கு உண்மைத் தந்தை வேறு யாரோ என்ற வதந்தி ஐரோப்பா முழுக்க உலவியது. திருமண பந்தத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணவனே தந்தை என்ற சட்ட அனுமானத்தைக் காட்டி மரபுவழியினர் அதை மூடிவிடுகின்றனர். இரத்தத்தின் பெயரால் நடக்கும் வழக்கு ஒன்று, தன் மிகப் பலவீனமான கணுவில் இரத்தத்தை விட்டுவிட்டுப் பதிவேட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். எல்லா அரச குலங்களும் அப்படித்தான் நின்றிருக்கின்றன.

அல்போன்சோவுக்குப் பின் அவருடைய இரண்டாவது மகன் ஹைமே. குழந்தைப் பருவத்து அறுவைச் சிகிச்சையால் செவித்திறன் இழந்தவர். 1933-இல் ஸ்பெயின் உரிமையைத் தமக்கும் தம் வாரிசுகளுக்குமாகத் துறந்து எழுதிக்கொடுத்தார். அவர் தம்பி ஹுவானின் மகன்தான் பின்னர் ஸ்பெயினின் மன்னரான ஹுவான் கார்லோஸ். அதே ஹைமே 1946-இல் பிரெஞ்சு முடிக்கு உரிமை கோரினார். அவருடைய மகனே வழக்கில் எதிர்வாதியாக இருந்த அல்போன்ஸ். சர்வாதிகாரி பிராங்கோவின் பேத்தியை 1972-இல் மணந்தவர். ஆக, ஒரே குடும்பத்தின் 1712-ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம் செல்லாது என்றால் அவர்கள் பிரான்சுக்கு உரியவர்கள். 1933-ஆம் ஆண்டுப் பத்திரம் செல்லும் என்பதாலேயே ஸ்பெயினின் அரியணை அவர்களிடம் இல்லை. இரண்டு நாடுகளின் சட்டம் இரண்டு வகை என்பது மரபுவழியினரின் விடை. சட்டப்படி அது சரியான விடைதான். இருந்தாலும் படிக்கிறவருக்குப் புன்னகை வராமல் போகாது.

அந்நியர் என்பவர் யார்?

விட்டுக்கொடுப்பு வாதம் வலுவிழக்கும்போதெல்லாம் ஓர்லியான் தரப்பு கையிலெடுப்பது அந்நியத்தன்மை வாதம். பிலிப்பின் வாரிசுகள் முந்நூறு ஆண்டுகளாக ஸ்பானியர்கள். வேற்று நாட்டில் குடியேறி, வேற்று மண்ணை ஆண்ட குலம் பிரான்சை ஆள முடியாது என்கின்றனர். பொதுமக்கள் மனத்தில் எளிதாகப் பதியும் வாதம் இது. ஆனால் பழைய வரலாறு இதற்கு முழுமையாக உடன்படவில்லை. 1574-இல் மூன்றாம் ஹென்றி போலந்தின் முடியை விட்டுவிட்டு வந்துதான் பிரான்சை ஆண்டார். நான்காம் ஹென்றி வரும்போதே வேறொரு நாட்டின் மன்னர். மூன்றாம் ஹென்றி போலந்துக்குக் கிளம்புமுன் உரிமையைக் காக்கும் அரசாணை பெற்றுச் சென்றார் என்று ஓர்லியான் தரப்பு சுட்டும். பிலிப்புக்கும் 1700-இல் அத்தகைய ஆணை கிடைத்தது என்று மறுதரப்பு திருப்பியடிக்கும்.

இந்த வாதம் ஓர்லியான்களின் சொந்தக் குடும்பத்துக்குள்ளும் வெட்டியது. லூயி பிலிப்பின் பேரன்களில் ஒருவரான யூ பிரபு, பிரேசில் பேரரசின் இளவரசி இசபெலை 1864-இல் மணந்து அங்கே சென்றுவிட்டார். 1889-இல் பிரேசிலில் பேரரசு ஒழிந்து குடும்பத்தோடு அவர் பிரான்சுக்கே திரும்பி வந்தார். இருந்தும், 1909-இல் எழுதப்பட்ட குடும்ப ஒப்பந்தம் ஒன்றில், அவருடைய மக்களின் கிளை மற்ற எல்லா ஓர்லியான்களுக்கும் பின்னால்தான் என்று வரிசைப்படுத்தப்பட்டது. பாரிஸ் அருகே குடியிருக்கும் சொந்தப் பேரனை அந்நியன் என்று தள்ளியவர்கள், மத்ரீத்துப் பங்காளியை எப்படிச் சேர்த்துக்கொள்வார்கள்?

நாட்டுக்குள் வாழும் உரிமையே ஓர்லியான்களுக்கு நெடுங்காலம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1886 ஜூன் 22 சட்டம், பிரான்சை ஆண்ட குடும்பங்களின் தலைவர்களையும் அவர்களுடைய மூத்த மகன்களையும் நாட்டிலிருந்து வெளியேற்றியது. 1950 ஜூன் 24 அன்றுதான் அது நீக்கப்பட்டது. பிரெஞ்சுத்தன்மையையே தங்கள் உரிமையின் சாரமாகச் சொன்னவர்கள் 64 ஆண்டுகள் இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் மொராக்கோவிலுமாகக் கழித்தார்கள். ஷாம்போரின் முன் தலை வணங்கிய பாரிஸ் பிரபு 1894-இல் இங்கிலாந்திலும், அவர் மகன் 1926-இல் பாலெர்மோவிலும், அடுத்த தலைவரான கீஸ் டியூக் ழான் 1940-இல் மொராக்கோவின் லராச்சேயிலும் இறந்தனர்.

1988 வழக்கைத் தொடுத்த ஹென்றியின் நிலையோ இன்னும் விசித்திரமானது. அவர் தந்தையான அந்நாளைய பாரிஸ் பிரபு (1908–1999), மகன் 1984-இல் மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்துகொண்டதற்காக அவரை வாரிசு இடத்திலிருந்தே நீக்கியிருந்தார். குலத்தின் முழுச் சின்னத்துக்காக நீதிமன்றம் ஏறிய ஆண்டில், குலத்தலைவரின் கண்ணில் அவர் வாரிசே இல்லை. பின்னர் சமரசமாகி இடம் திரும்பக் கிடைத்தது. அதே தந்தை, மாற்றுத்திறனாளியான மூத்த பேரன் பிரான்சுவாவையும் வரிசையிலிருந்து விலக்கியிருந்தார். 1999-இல் தாம் தலைவரானதும் ஹென்றி அந்த விலக்கலைத் தள்ளி வைத்து, மூத்த மகனே தம் வாரிசு, அடுத்தவரான ழான் அவருக்குப் பொறுப்பாளர் என்ற ஏற்பாட்டைச் செய்தார். பிறப்பால் வரும் இடத்தை யாரும் எழுதி மாற்ற முடியாது என்பதே அதன் அடித்தளம். அது 1420-இன் கோட்பாடு. உட்ரெக்ட் பத்திரத்துக்கு எதிராக மரபுவழியினர் சொல்வதும் அதே கோட்பாடுதான்.

போனபார்ட் குடும்பத்தை இந்த ஆய்வில் விரித்துப் பேசவில்லை. அவர்களுடைய உரிமை வேறு கணக்கு. ஆனால் அங்கும் 1997-இல் இறந்த லூயி நெப்போலியன், குடியரசுக் கொள்கையுடைய மகன் சார்லஸை விட்டுப் பேரன் ழான் கிறிஸ்தோஃபைத் தம் உயிலில் வாரிசாக்கினார். உயிலால் வாரிசை நியமிக்கும் வழக்கம் பேரரசர்களின் கணக்கில் ஒத்துக்கொள்ளப்பட்ட ஒன்றுதான். மன்னர்களின் கணக்கில் அதற்கு இடமில்லை.

இன்றைய நிலவரப்படி, 1974-இல் பிறந்த அல்போன்ஸின் மகனை அவருடைய ஆதரவாளர்கள் ‘இருபதாம் லூயி’ என்கிறார்கள். இந்த எண்ணுக்குள் இரண்டு ஆளாத மன்னர்கள் அடக்கம்: 1795-இல் சிறையில் இறந்த பத்து வயதுச் சிறுவன் பதினேழாம் லூயி, 1830-இல் ராம்புய்யேயில் தந்தையின் கையெழுத்துக்கும் தம் கையெழுத்துக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களுக்கு மட்டும் மன்னராக இருந்ததாகக் கொள்ளப்படும், பத்தாம் சார்லஸின் மகன் அங்கூலேம் டியூக், பத்தொன்பதாம் லூயி. மறுபக்கம் 1965-இல் பிறந்த ழானை ஓர்லியான் ஆதரவாளர்கள் ‘நான்காம் ழான்’ என்று எண்ணுகின்றனர். அந்தக் கணக்கின் முதல் ழான், 1316-இல் ஐந்து நாள் வாழ்ந்த அந்தக் குழந்தை. குடியரசின் பதிவேடுகளில் இருவரும் மற்றெல்லோரையும் போலக் குடிமக்கள்.

ஆண்டுதோறும் ஜனவரி 21 அன்று, பதினாறாம் லூயி தலை வெட்டப்பட்ட நாளில், பிரான்சில் பல தேவாலயங்களில் அவருக்காக நினைவுத் திருப்பலி நடக்கும். அந்த மரண தண்டனைக்கு வாக்களித்தவரின் நேர் வாரிசான, 1988 வழக்கைத் தொடுத்த ஹென்றியும் அதில் கலந்துகொள்வது வழக்கமாக இருந்தது. 2019-இல் அதே ஜனவரி 21 அன்று, திருப்பலிக்குக் கிளம்பவிருந்த காலையில், 85 வயதில் அவர் இறந்தார். மன்னர்கள் வழக்கமாக அடக்கமான சாந்தெனி பேராலயத்தில் இல்லாமல், லூயி பிலிப்பின் தாயார் கட்டத் தொடங்கிய ட்ரூ நகரின் குடும்ப ஆலயத்தில், தம் முன்னோர்களுக்கு அருகில் அடக்கமானார்.